உங்கள் 12 மாதம், என் மகளுக்கு 9 மாதம்

மருத்துவமனை நிர்வாகக் குழுவினருக்கு,

குறைமாதத்தில் பிறந்து, உங்கள் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் பிள்ளைகளுக்கான தொடர் கண்காணிப்புப் பிரிவு இனி 12 மாத வயது வரைதான் பார்க்கும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு மேல் எல்லோரும் பொதுக் குழந்தைகள் ஓபிக்குப் போக வேண்டும், ஏதாவது பிரச்சினை தெரிந்தால் அங்கிருந்து உரிய பிரிவுக்கு அனுப்பி வைப்பார்கள் என்று அந்த ஒரு பக்க அறிவிப்பு சொல்கிறது. இதுவரை 6 வயது வரை பார்த்து வந்தீர்கள். ஆள் பற்றாக்குறை, முதல் வருடத்துக்குப் பிறகு பாதிப் பேர் வருவதே இல்லை என்று இரண்டு காரணங்கள் கொடுத்திருக்கிறீர்கள்.

என் மகள் உங்கள் மருத்துவமனையில் 27 வாரத்தில் பிறந்தவள். எடை 940 கிராம். இப்போது அவளுக்கு 8 வயது. 6 வருடம் அந்தப் பிரிவுக்குப் போய் வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்த முடிவை நீங்கள் திரும்பப் பெற வேண்டும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அறிவிப்பைப் படித்தால், இந்த முடிவை எடுக்கும் முன் குறைமாதக் குழந்தையை வளர்க்கும் ஒருவரிடமாவது கேட்டதாகத் தெரியவில்லை.

முதலில் அந்த 12 என்ற எண்ணைப் பற்றிப் பேச வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு வயதுக் கணக்கு இரண்டு. பிறந்த நாளிலிருந்து எண்ணுவது ஒன்று. பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுவது இன்னொன்று. இரண்டாவதைத் திருத்திய வயது என்று உங்கள் டாக்டர்களே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 40 வாரத்தில் பிறக்க வேண்டியவள் 27 வாரத்தில் வந்தாள். வித்தியாசம் 13 வாரம், அதாவது 3 மாதம். உட்காருவது, தவழ்வது, நடப்பது, பேசுவது எல்லாவற்றையும் 2 வயது வரை இந்தத் திருத்திய வயதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அப்படியென்றால் நீங்கள் கதவை மூடுகிற 12 மாதத்தில் என் மகளுக்கு உண்மையில் 9 மாதம். 9 மாதக் குழந்தை நடக்காது, வார்த்தை சொல்லாது. நடக்காததையும் பேசாததையும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாத வயது அது. நடையும் பேச்சும் தொடங்க வேண்டிய காலத்துக்கு முன்பே "எல்லாம் சரி" என்று எழுதிக் கொடுத்து அனுப்பப் போகிறீர்கள்.

அவள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் இருந்தது 71 நாள். அதை எல்லாம் இங்கே விவரிக்கப் போவதில்லை, உங்கள் கோப்பில் இருக்கிறது. ஆனால் அந்த நாட்களில் நடந்த ஒவ்வொன்றும் பின்னால் கவனிக்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டுப் போனது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். நுரையீரலின் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் அவளிடம் போதுமான அளவு இல்லை. குழாய் வழியாகக் கொடுத்தீர்கள். 6 நாள் வென்டிலேட்டர், அப்புறம் 3 வாரம் சி-பேப், அதாவது மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்று செலுத்தும் கருவி. அந்த நுரையீரல் முதல் இரண்டு குளிர்காலங்களில் சாதாரணச் சளிக்கே தாங்காமல் அவளை மறுபடி மறுபடி படுக்கையில் சேர்த்தது. வயிறு உப்பியது, குடல் அழற்சியாக இருக்கலாம் என்று 7 நாள் பால் நிறுத்தப்பட்டது. நல்லவேளையாக அது அடங்கிவிட்டது. மூன்றாம் நாள் உச்சிக்குழி வழியாக ஸ்கேன் எடுத்தபோது மூளைக்குள் இரத்தக் கசிவு, இரண்டாம் நிலை என்றார்கள். இந்தக் கசிவுகளில் பெரும்பாலானவை முதல் 3 நாளுக்குள் நடந்துவிடும் என்பதையும், மூளையின் நீரறைகளை ஒட்டியிருக்கும் மிக மெல்லிய இரத்தக் குழாய்கள்தான் காரணம் என்பதையும் அன்றைக்கு இரவுப் பணியில் இருந்த டாக்டர் எனக்கு ஒரு தாளில் வரைந்து காட்டினார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

டிஸ்சார்ஜ் ஆன அன்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நீங்களும் சந்தோஷப்பட்டீர்கள். உயிர் பிழைத்துவிட்டாள், எடை கூடிவிட்டது, தானாகப் பால் குடிக்கிறாள். உங்கள் ஆண்டறிக்கையில் அவள் ஒரு வெற்றி. நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த வெற்றி முழுமையானதா என்று கேட்டுக்கொண்டே இருந்த ஒரே இடம், நீங்கள் இப்போது சுருக்கப் போகும் பிரிவுதான்.

அங்கே என்ன நடந்தது என்று சொல்கிறேன். 11 மாதத்தில், திருத்திய வயதில் 8 மாதத்தில், பிசியோதெரபிஸ்ட் அவள் கணுக்காலைப் பிடித்து மெதுவாகவும் வேகமாகவும் மடக்கிப் பார்த்தார். "லேசா விறைப்பு இருக்கு. இப்ப எதையும் உறுதியா சொல்ல முடியாதும்மா. குறைமாதப் பிள்ளைகளுக்கு முதல் வருஷம் தசை இறுக்கம் வந்து தானா சரியாகிப் போறதும் உண்டு. ஆனா 15 மாசத்துல கண்டிப்பா கூட்டிட்டு வரணும்" என்றார். வீட்டில் செய்யச் சில பயிற்சிகளும் சொல்லிக் கொடுத்தார்.

இடையில் 13-ஆம் மாதம் காய்ச்சலுக்காகப் பொது ஓபிக்குப் போனேன். இன்னும் தவழ்வதில்லையே, காலைக் குத்திக்கொண்டு நிற்கிறாளே என்று கேட்டேன். "குறைமாதக் குழந்தைதானே, எல்லாம் கொஞ்சம் லேட்டா வரும், பொறுத்துப் பாருங்க" என்று சொல்லி அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்கள். அந்த டாக்டரைக் குறை சொல்லவில்லை. அன்று காலை அவர் எத்தனை பேரைப் பார்த்திருப்பார் என்று வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்தவளுக்குத் தெரியும். ஆனால் அந்த அறையில் அவள் சட்டையைக் கழற்றிக் கீழே விரிப்பில் விட்டு 20 நிமிடம் பார்க்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. நான் அந்தப் பதிலை நம்பி நிம்மதியாக வீடு திரும்பினேன். அந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

15-ஆம் மாதம் போனபோது பிசியோதெரபிஸ்ட் அவளைத் தூக்கி நிறுத்தினார். இரண்டு காலும் கத்தரி போலக் குறுக்கே போயின, குதிகால் தரையைத் தொடவில்லை. அன்றே டாக்டர் வந்து பார்த்தார். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். நீரறைகளைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியில் பாதிப்பு. கால்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பு இழைகள் அந்த நீரறைகளுக்கு மிக அருகில் ஓடுவதால் குறைமாதக் குழந்தைகளுக்குக் கையைவிடக் கால்தான் அதிகம் அடிபடும் என்று விளக்கினார்கள். பெருமூளை வாதம், இரு கால்களிலும், மிதமானது. மறுநாளிலிருந்து சிகிச்சை தொடங்கியது. மூன்று வயதில் காலணிக்குள் வைக்கும் பிடிப்போடு நடந்தாள். இன்று ஓடுகிறாள், சில நேரம் தடுக்கி விழுவாள், எழுந்து மறுபடி ஓடுவாள்.

உங்கள் புதிய விதிப்படி அந்த 15-ஆம் மாதச் சந்திப்பே இல்லை. 12-ஆம் மாதத்தில் "லேசான விறைப்பு, உறுதியில்லை" என்ற குறிப்போடு அவள் வெளியே அனுப்பப்பட்டிருப்பாள். அப்புறம் "பொறுத்துப் பாருங்க" என்ற பதிலோடு நான் இன்னும் ஒரு வருடமாவது பொறுத்துப் பார்த்திருப்பேன். மூளை மிக வேகமாக வளைந்து கொடுத்து வளரும் வருடம் அது.

சொல்லப்போனால் 15 மாதம்கூடத் தாமதம்தான். திருத்திய வயதில் 3 முதல் 5 மாதத்துக்குள் குழந்தை சும்மா மல்லாந்து படுத்திருக்கும்போது கை, கால், கழுத்தில் ஓயாத சின்னச் சின்ன அசைவுகள் இருக்க வேண்டும். அதைச் சில நிமிட வீடியோ எடுத்து, பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்தால், பெருமூளை வாதம் வரும் வாய்ப்பு அதிகமா என்று அப்போதே பெரும்பாலும் சொல்லிவிடலாம். பிரெக்டல் என்ற மருத்துவர் உருவாக்கிய முறை இது. இதையும் மூளை ஸ்கேனையும் நரம்புப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்து 6 மாதத்துக்குள் கண்டுபிடிக்க முடியும் என்று 2017-இல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். உங்கள் பிரிவில் இந்தப் பயிற்சி பெற்றவர் யாரும் அன்று இல்லை, இன்றும் இல்லை என்று கேள்விப்படுகிறேன். பிரிவை வலுப்படுத்த வேண்டிய நேரத்தில் அதை வெட்டுகிறீர்கள்.

கண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் வளரத் தொடங்கி நிறைமாதத்தில்தான் ஓரம் வரை போய்ச் சேரும். 27 வாரத்தில் அவை பாதி வழியில் நிற்கும். அந்த நிலையில் வெளியுலகுக்கு வந்து, ஆக்சிஜனும் கிடைத்து, குழாய்கள் தாறுமாறாகக் கிளம்பினால் விழித்திரையையே பிய்த்துவிடும். என் மகளுக்குப் பிறந்து 4-ஆம் வாரத்தில் முதல் பரிசோதனை, கர்ப்பக் கணக்கில் 36-ஆம் வாரத்தில் லேசர் சிகிச்சை. சரியான நேரத்தில் செய்தீர்கள். அதற்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அவளுக்கு அடுத்த வாமரில், அதாவது பிள்ளையைச் சூடாக வைத்திருக்கும் படுக்கையில், 30 வாரத்தில் பிறந்த ஒரு பையன் இருந்தான். படுக்கை இல்லாததால் அவனை வேறொரு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கிருந்து எடை கூடியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் தாளில் மருந்துகள் இருந்தன, தடுப்பூசித் தேதி இருந்தது, கண் பரிசோதனைத் தேதி இல்லை. அவன் அம்மாவுக்கு அப்படி ஒன்று இருக்கிறது என்றே தெரியாது. முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லையே என்று அவர் கூட்டிக்கொண்டு போனபோது ஒரு கண்ணில் விழித்திரை முழுதாகக் கழன்றிருந்தது, இன்னொன்றில் பாதி. ஒரு தேதி எழுதப்படாததால் இது நடந்தது. இரண்டு மருத்துவமனைகளுக்கு நடுவில், எந்த மருத்துவமனையின் பொறுப்பும் இல்லாமல் அந்தப் பிள்ளை விழுந்துவிட்டான். உங்கள் புதிய ஏற்பாட்டில் பொது ஓபிக்கும் சிறப்புப் பிரிவுக்கும் நடுவில் இதேபோல எத்தனை பிள்ளைகள் விழுவார்கள்?

லேசர் முடிந்தால் கண் கதை முடிந்தது என்றும் இல்லை. என் மகளுக்கு இரண்டரை வயதில் மைனஸ் 4. மாறுகண்ணும் எட்டிப் பார்த்தது. கண்ணாடி போட்ட பிறகுதான் படப் புத்தகத்தில் உள்ள பறவையைத் தொட்டுக் காட்டினாள். காதும் அப்படித்தான். டிஸ்சார்ஜின்போது தேறிய காது பின்னாளில் மங்கலாம் என்பதால் மறுபடி சோதிக்க வேண்டும். சிறுநீரகத்தின் வடிகட்டிகள் சுமார் 36 வாரம் வரை உருவாகிக்கொண்டிருப்பவை, முன்கூட்டியே பிறந்தவர்களுக்கு அவை எண்ணிக்கையில் குறையலாம், ஆகவே இரத்த அழுத்தத்தைச் சின்ன வயதிலிருந்தே பார்க்க வேண்டும் என்பதும் கண்காணிப்புப் பிரிவில் தெரிந்துகொண்டதுதான். பொது ஓபியில் ஒருமுறைகூட என் மகளுக்கு இரத்த அழுத்தம் பார்த்ததில்லை. தடுப்பூசியிலும் குழப்பம். எடை 3 கிலோ ஆகட்டும் என்று ஓபியில் தள்ளிப் போட்டார்கள். கண்காணிப்புப் பிரிவில்தான், வளர்ச்சிக்குத் திருத்திய வயது, தடுப்பூசிக்குப் பிறந்த தேதி என்று திருத்தினார்கள். இரண்டு வயதையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைப் பார்ப்பது பழக்கத்தில் வரும் வேலை. அந்தப் பழக்கம் இருக்கும் நான்கு பேரைத்தான் நீங்கள் கலைக்கிறீர்கள்.

சரி, 12 மாதம் வேண்டாம், 2 வயது வரை நீட்டிக்கிறோம் என்று சிலர் பேசுவதாகவும் கேள்விப்பட்டேன். அதுவும் போதாது. 1995-இல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 26 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தைகளை இபிக்யூர் என்ற ஆய்வு 30 மாதம், 6 வயது, 11 வயது, 19 வயது என்று தொடர்ந்து பார்த்தது. 6 வயதில் சோதனையின் பொது அளவுகோலை வைத்துப் பார்த்தபோது 21 சதவீதப் பிள்ளைகளிடம் கற்றல், சிந்தனைத் திறனில் கணிசமான பின்னடைவு தெரிந்தது. அதே பிள்ளைகளைக் கூடப் படிக்கும் வகுப்புத் தோழர்களோடு ஒப்பிட்டபோது அது 41 சதவீதமானது. அவர்கள் என் மகளைவிடவும் முன்னால் பிறந்தவர்கள், அந்தக் கணக்கு எல்லாக் குறைமாதப் பிள்ளைகளுக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் பள்ளி என்ற இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் சில சிரமங்கள் கண்ணுக்குத் தெரியும் என்பது எல்லோருக்கும் பொருந்தும்.

எங்கள் வீட்டில் நடந்ததும் அதுவே. நன்றாகப் பேசுவாள். கதை சொன்னால் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்வாள். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முதல் வகுப்பில் ஆசிரியை கூப்பிட்டு, "புத்திசாலிதான், ஆனா கவனமே இல்லை, சோம்பல், கணக்கை வரிசையா எழுத மாட்டேங்கிறா" என்றார். ஐந்தரை வயதில் கண்காணிப்புப் பிரிவின் உளவியலாளர் அவளோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். மொழித் திறன் வயதுக்கு மேல். இடத்தையும் வடிவத்தையும் கண்ணால் கணித்துக் கையால் செய்வது, மனதில் எண்ணை வைத்துக்கொண்டு அடுத்ததைச் செய்வது, வேகம், இவை வயதுக்குக் கீழ். குறைமாதப் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படும் அமைப்பு இது என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்துக்குப் பிறகு முன் வரிசையில் இடம் கிடைத்தது, தேர்வில் கூடுதல் நேரம் கிடைத்தது, கட்டம் போட்ட கணக்கு நோட்டு கிடைத்தது. எல்லாவற்றையும்விட, "சோம்பேறி" என்ற வார்த்தை நின்றது. அதுவரை அவளை அந்த வார்த்தையால் திட்டியவர்களில் நானும் ஒருத்தி. அவள் மூளை 27-ஆம் வாரத்தில் தொடங்கிச் செய்துகொண்டிருக்கும் உழைப்பு தெரியாமல் திட்டினேன்.

பிரிவின் காத்திருப்பு வரிசையில் 34 வாரத்தில் பிறந்த பிள்ளைகளின் பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். "உங்க பிள்ளை பெரிய பிள்ளை, நீங்க ஏன் வர்றீங்க" என்று மற்றவர்கள் கேட்பார்கள். 34 வாரத்தில் மூளையின் எடை நிறைமாத எடையில் மூன்றில் இரண்டு பங்குதான். அவர்களுக்கு ஆபத்து குறைவு, இல்லை என்பதில்லை.

இனி, பாதிப் பேர் வருவதில்லை என்ற உங்கள் காரணத்துக்கு வருகிறேன். வராதவர்களில் சிலரை எனக்குத் தெரியும். ஒருவர் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அந்த நாள் கூலி இல்லை. ஒருவருக்கு இரட்டைக் குழந்தைகள், ஒன்றுக்கு ஆக்சிஜன் சிலிண்டர், தூக்கிக்கொண்டு வண்டி மாறி வர ஆள் இல்லை. ஒருவர் அந்த வாசலைப் பார்த்தாலே கை நடுங்குகிறது என்று வருவதை நிறுத்தினார், அவருடைய இரட்டையரில் ஒரு குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே இறந்துபோனது. பிள்ளை நன்றாக இருப்பதால் வராதவர்களும் இருப்பார்கள்தான். ஆனால் எளிதாக வந்து சேரும் பிள்ளைகளைவிட, தேடிப் பிடித்துக் கொண்டுவர வேண்டியிருக்கும் பிள்ளைகளிடம் குறைபாடுகள் அதிகம் என்பது இந்தத் துறையில் தெரிந்த விஷயம். வராதவர்களைக் காரணம் காட்டி மூடுவது, மிகவும் தேவைப்படுபவர்களை முதலில் கைவிடுவதாகும். வராத ஒரு குடும்பத்துக்காவது நீங்கள் போன் செய்து ஏன் என்று கேட்டதுண்டா?

அந்த அம்மாவைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 71 நாள் மானிட்டர் அலறும் சத்தத்தில் வாழ்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மூச்சு நிற்கிறதா என்று இரவெல்லாம் அவள் மூக்கருகே விரல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பல மாதம். மைக்ரோவேவ் மணி அடித்தால் உடம்பு தூக்கிவாரிப் போடும். என் கணவர் அதைப் பற்றிப் பேசவே மாட்டார், பேச்சை மாற்றிவிடுவார். குழந்தையின் எடையை எல்லோரும் கேட்டார்கள். எங்களைக் கேட்டது ஒரே ஒரு சிஸ்டர், அதுவும் அந்தப் பிரிவில்தான். "நீங்க தூங்குறீங்களாம்மா?" என்றார். நான் அழுததைப் பார்த்து அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனார்.

உங்களில் நிதியையும் ஆட்களையும் கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஒன்று. தொடர் கண்காணிப்பு எங்களுக்காக மட்டும் இல்லை. உள்ளே நீங்கள் தரும் சிகிச்சை சரியா என்று உங்களுக்குச் சொல்வதும் அதுதான். 1940-களில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். பல குழந்தைகள் பிழைத்துப் பார்வை இழந்தார்கள். கட்டுப்பாடில்லாத ஆக்சிஜன்தான் காரணம் என்று 1950-களின் நடுவில்தான் உறுதியானது. 1990-களில் வென்டிலேட்டரிலிருந்து சீக்கிரம் எடுக்க டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைப் பல இடங்களில் வழக்கமாகவே கொடுத்தார்கள். வார்டுக்குள் பார்த்தால் அது நல்ல மருந்து, குழந்தை குழாயிலிருந்து விடுபட்டது. அந்தக் குழந்தைகளைச் சில வருடம் கழித்துப் பார்த்தவர்கள்தான் அவர்களிடம் பெருமூளை வாதம் கூடியிருப்பதைக் கண்டார்கள். 2002-இல் அமெரிக்க, கனடிய குழந்தை மருத்துவ அமைப்புகள் அதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று சேர்ந்து அறிவித்தன. மறுபக்கமும் உண்டு. மூச்சு நின்று நின்று வருவதற்குக் கொடுக்கும் கஃபீன், பெருமூளை வாதத்தையும் குறைக்கிறது என்பது திருத்திய வயது 18 முதல் 21 மாதத்தில் அந்தக் குழந்தைகளை மறுபடி கூப்பிட்டுப் பார்த்ததால் 2007-இல் தெரியவந்தது. இவர்கள் எல்லோரும் 12 மாதத்தில் நிறுத்தியிருந்தால் இந்தப் பதில்கள் கிடைத்திருக்குமா? உங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பிழைத்த பிள்ளைகளில் எத்தனை பேர் நடக்கிறார்கள், பார்க்கிறார்கள், படிக்கிறார்கள் என்று இனி உங்களுக்கே தெரியாது.

உலகில் பத்தில் ஒரு குழந்தை 37 வாரம் நிறைவதற்குள் பிறக்கிறது. 2020-இல் மட்டும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள். முன்பு இறந்திருக்கக்கூடிய பலர் இப்போது உங்களைப் போன்றவர்களின் உழைப்பால் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் எண்ணிக்கை கூடுகிறது, அவர்களைப் பார்க்கும் நாட்களைக் குறைக்கிறீர்கள்.

நான் கேட்பவை இவை.

12 மாத வரம்பை ரத்து செய்யுங்கள். 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களையும், 1500 கிராமுக்குக் கீழ் பிறந்தவர்களையும், மூளைக் கசிவோ லேசரோ குடல் அறுவையோ ஆனவர்களையும் பள்ளி சேர்ந்து ஒரு வருடம் ஆகும் வரையாவது அதே பிரிவு பார்க்க வேண்டும். 32 முதல் 36 வாரம் வரை பிறந்தவர்களுக்குத் திருத்திய வயது 2 வரையும், பள்ளி சேரும் முன் ஒருமுறையும். அறிவிப்பிலும் கோப்பிலும் எந்த வரம்பை எழுதினாலும் அது திருத்திய வயதா, பிறந்த வயதா என்று தெளிவாக எழுதுங்கள்.

ஆள் பற்றாக்குறை உண்மை என்றால் சந்திப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள், வருடங்களைக் குறைக்காதீர்கள். நிறைமாதத்தை எட்டும்போது, திருத்திய வயதில் 3 மாதம், 8 மாதம், 12 மாதம், 2 வயது, அப்புறம் பள்ளிக்கு முன்னும் பின்னும் என்று ஏழு முறை பார்த்தால்கூடப் பெரும்பாலானவை கண்ணில் படும். அந்த 3 மாதச் சந்திப்பில் அசைவு வீடியோவைப் படித்துச் சொல்ல ஒரு டாக்டருக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட்டுக்கும் இந்த வருடத்துக்குள் பயிற்சி கொடுங்கள்.

கண் பரிசோதனை, காதுப் பரிசோதனைத் தேதிகளை எழுதாமல் எந்தக் குறைமாதக் குழந்தையையும் வீட்டுக்கோ வேறு மருத்துவமனைக்கோ அனுப்பக் கூடாது. அந்தத் தேதியில் வராவிட்டால் அடுத்த நாளே போன் போக வேண்டும். அதைச் செய்வது யார் பொறுப்பு என்று பெயர் குறித்து ஒருவரை நியமியுங்கள். தூரமும் கூலியும் தடையாக இருப்பவர்களுக்குக் கண், காது, பிசியோ மூன்றையும் ஒரே நாளில் முடித்துக் கொடுங்கள்.

பெற்றோரின் மனநிலையைக் கேட்பதையும் ஒவ்வொரு சந்திப்பின் பகுதியாக்குங்கள். அப்பாக்களையும் சேர்த்துக் கேளுங்கள்.

இந்தப் பிரிவைப் பற்றி இனி எந்த முடிவு எடுத்தாலும் குறைமாதப் பிள்ளைகளின் பெற்றோர் இருவரையாவது அந்தக் கூட்டத்தில் உட்கார வையுங்கள். முதல் கூட்டத்துக்கு நான் வரத் தயார்.

30 நாளுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். அதுவரை, ஏற்கெனவே தேதி வாங்கியிருக்கும் 12 மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று பிரிவுக்கு இன்றே சொல்லிவிடுங்கள். அவர்களில் ஒரு பிள்ளைக்கு அது 15-ஆம் மாதச் சந்திப்பாக இருக்கும்.

27 வாரத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தையின் அம்மா